மாவுக்கட்டக்காவும் மணல் வண்டியும்

ஆசைக்கு வயதில்லை என்று சொல்லுவார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும், ஐம்பதைத் தாண்டிய ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியாக இருந்து பார்த்ததில்லை.

பாலைவனத்தை ஒட்டிய அந்த ஊரின் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டக்கா என்று பெயர். எலும்பு முறிவுப் பிரிவின் நடைக்கூடத்தில் கடைசி அறை அவளுடையது. டாக்டர் எலும்பைச் சேர்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அதற்கு மேல் எல்லாம் அவள் பாடு. பஞ்சுச் சுருளைச் சுற்றி, மாவுத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாதத்தைச் செங்குத்தாக நிறுத்தி அவள் கட்டினால், கட்டு கல் மாதிரி நிற்கும். அவள் போட்ட கட்டு நழுவியதாகச் சரித்திரமே கிடையாது. அந்தக் கர்வமும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

கட்டு காய்ந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடுவாள். "விரல அசைங்க பாக்கலாம். ம். இறுக்கமா இருந்தாலோ, மரத்துப்போனாலோ, வலிச்சாலோ பொறுத்துக்கக் கூடாது. உடனே வந்து சொல்லணும். பொறுமைசாலிக்கெல்லாம் இங்க பரிசு கிடையாது." தலையாட்டிவிட்டுப் போகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, "என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு சக்கரத்தில் கிளம்பி நாலு சக்கரத்தில் வந்து சேர்ந்தவர்கள். அதனால் மோட்டார் சைக்கிள் என்றால் மற்றவர்களுக்கு நிறமும் சத்தமும் நினைவுக்கு வரும். அவளுக்கு வரிசையாகக் கணுக்கால், மணிக்கட்டு, காறையெலும்பு என்றுதான் வரும். இப்படிப்பட்டவளிடம்தான், அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவள் புருஷன் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"மணல்ல வண்டி ஓட்டப் பழகலாம்னு இருக்கேன்."

"என்ன வண்டி?"

"மோட்டார் சைக்கிள்தான்."

அவள் கையிலிருந்த தலையணை உறை அப்படியே நின்றது. "மணல்லயா? ரோடுன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்களே, அது போதாதா உங்களுக்கு?"

தனக்கென்று எதையும் கேட்டே பழக்கமில்லாத மனிதன் அவன். குழம்பில் உப்பு குறைந்தால் சொல்லமாட்டான். சட்டையின் தோள் பிடித்தால் சொல்லமாட்டான். கல்யாணமான புதிதில், "நான் விடியறதுக்குள்ள டூட்டிக்குப் போகணும், நீங்க சுவர்ப் பக்கம் படுத்துக்கங்க" என்றாள். அன்று சுவர்ப் பக்கம் போனவன் இன்றுவரை அங்கேதான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபின் வீட்டில் பேச்சே பாதியாகிவிட்டது. மிச்சமிருந்த பாதியும் அவளுடைய பேச்சுதான்.

"எதுக்குன்னாவது சொல்லுங்களேன்," என்றாள்.

அவன் யோசித்தான். "போன வாரம் ஊர்க்கோடியில அந்தப் புதுக் கட்டடத்துல வேலை. உச்சியில மெஷின் ரூம்ல ஒரு சின்ன ஜன்னல். அதுவழியா பாத்தா பாலைவனம். ஒண்ணுமே குறுக்க இல்ல. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு." மடித்து வைத்த துணி ஒன்றின் ஓரத்தை நீவிவிட்டான். "வேலைக்குச் சேந்ததுலேர்ந்து நான் மேல போறேன், கீழ வர்றேன். ஒரு தடவையாவது நேரா போய்ப் பாக்கணும்போல இருக்கு. நீ வேண்டாம்னா சரி."

அந்தச் 'சரி'தான் அவளுக்குப் பயம். வேண்டாம் என்று சொன்னால் அவன் கோபிக்கமாட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டான். அந்த ஆசையை மடித்து எங்கேயோ உள்ளே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான், பிறகு செத்தாலும் எடுக்கமாட்டான். சரி என்று சொன்னாலோ, நாளைக்கே அவனைத் தள்ளுவண்டியில் வைத்து அவள் அறைக்குள் தள்ளிக்கொண்டு வருவார்கள். வேண்டாம் என்றால் ஆசை போகும், சரி என்றால் ஆள் போவான். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்தின் கதைதான்.

அவனை அவளுக்கு மிகவும் பிடிக்கும். அதை வெளியே சொல்லும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லாததால் இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

"வண்டி உங்க இஷ்டம்," என்றாள் கடைசியில். "ஆனா தலையிலேர்ந்து கால்வரைக்கும் உடம்புல என்ன போடணும்னு நான்தான் சொல்லுவேன். சம்மதமா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகிவிட்டது.

*

வண்டிக் கடை நகரத்தின் விளிம்பில் இருந்தது. கடையை நடத்துகிறவள் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வெயிலில் காய்ந்த முகம், சுருட்டிவிட்ட சட்டைக் கை. வண்டி விற்பதும் அவள்தான், வாங்கியவர்களை மணலுக்குக் கூட்டிப்போய் ஓட்டப் பழக்குவதும் அவள்தான்.

உள்ளே நுழைந்ததும் லிஃப்டுக்காரனின் கால் நேராகப் போனது நடுவில் நின்ற பெரிய வண்டியிடம். உலகம் சுற்றுகிறவர்கள் படத்தில் ஓட்டுகிற மாதிரியான வண்டி. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு, இடுப்பு உயரத்துக்கு இருக்கை. அவன் உயரமில்லாதவன். ஒரு காலைத் தூக்கிப்போட்டு ஏறிவிட்டான். ஏறிய பிறகுதான் தெரிந்தது, மறுகாலின் பெருவிரல் மட்டும் தரையைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று.

"நல்லா இருக்குல்ல?" என்று மனைவியைப் பார்த்தான். வாக்குக் கொடுத்தவள் ஆயிற்றே, அவள் வாயைத் திறக்கவில்லை.

கடைக்காரப் பெண் திறந்தாள். "இறங்குங்கண்ணா, ஒரு சின்னப் பரீட்சை." அவன் இறங்கியதும் தரையில் ஒரு பழைய மெத்தையை இழுத்துப்போட்டு, வண்டியை மெதுவாக அதன்மேல் சாய்த்துப் படுக்கவைத்தாள். "தூக்கி நிறுத்துங்க."

"எதுக்கும்மா?"

"மணல்ல எல்லாரும் விழுவாங்க. நானும் விழுவேன், அது ஒரு அவமானமே இல்ல. விழுந்தா நீங்கதான் தூக்கணும். அங்க கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் கிடையாது. தூக்க முடிஞ்ச வண்டிதான் உங்க வண்டி. கடையில நான் சொல்ற ஒரே கணக்கு இதுதான்."

அவன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வண்டி எருமை எழுந்திருக்க யோசிப்பதுபோலக் கொஞ்சம் அசைந்து மறுபடி படுத்துக்கொண்டது. இரண்டாம் முறை கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மாவுக்கட்டக்காவின் கண் அவன் முதுகின் கீழ்ப்பகுதியைவிட்டு அகலவில்லை. மூன்றாம் முறைக்கு அவன் குனிந்தபோது வாக்கு, கீக்கு எல்லாம் காற்றில் போயிற்று.

"இடுப்பு போயிடும். விடுங்க. விரலுக்கேத்த வீக்கம் வேணும்."

ஓரத்தில் சுவரை ஒட்டி ஒரு வண்டி நின்றது. ஒல்லியாக, பெட்டி கிட்டி எதுவும் இல்லாமல், நீண்ட கால்களோடு வெட்டுக்கிளிபோல. சக்கரத்தில் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். இஞ்சின் சின்னது. "ரோட்டுல அந்தப் பெரிய வண்டி ராஜா. மணல்ல அதே ராஜா உங்க கால்மேல உக்காந்துக்கும்," என்றாள் கடைக்காரப் பெண். "பழகறவங்களுக்கு இதுதான் சரி. எடை கம்மி, இருக்கையக் கொஞ்சம் இறக்கித் தர்றேன். ரெண்டு காலும் ஊணலாம்."

அதையும் மெத்தையில் படுக்கவைத்தாள். அவன் வண்டிக்கு முதுகைக் காட்டி, அவள் சொன்னபடி முட்டியை மடக்கி, காலால் உந்தினான். வண்டி எழுந்து நின்றது. அவன் அதை இன்னொரு முறை தானே படுக்கவைத்து, தானே தூக்கினான். குதிரை கேட்டு வந்தவனுக்கு வெட்டுக்கிளி கிடைத்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இனி அவள் முறை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரிகள் பக்கம் போனாள். போகிற வழியில் கடைக்காரப் பெண்ணின் சட்டைக் கழுத்தைப் பார்த்து நின்றாள்.

"வலது காறையெலும்பு உடைஞ்சிருக்கே. யாரு கட்டினா?"

அந்தப் பெண் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "யாரும் கட்டலக்கா. தானா சேந்துடும்னு விட்டுட்டேன்."

"சேந்துதான் இருக்கு, கோணலா." மாவுக்கட்டக்காவுக்கு அந்தப் பெண்மேல் பாதி மரியாதையும் பாதி எரிச்சலும் வந்தன. "முதல்ல பூட்ஸ் காட்டு."

"நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். ஹெல்மெட்டுக்கு அடுத்தது பூட்ஸ்தான். வண்டி விழறது கால்மேலதானே."

அதில் இருவருக்கும் ஒற்றுமை ஏற்பட்டது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரை ஏறும் கெட்டிப் பூட்ஸ். கணுக்காலின் இரண்டு பக்கமும் தகடு, முன்னால் கொக்கிகள். ஹெல்மெட் நெற்றிக்குமேல் கூரை நீட்டிக்கொண்டிருப்பது, மணல் புகாத கண்ணாடியோடு. போட்டுத் தலையை ஆட்டச் சொன்னாள் அந்தப் பெண். கன்னத்துச் சதையும் கூடவே ஆடியது. "அப்ப சரி. ஹெல்மெட் தனியா, தலை தனியா ஆடக் கூடாது." மார்புக்கும் முதுகுக்கும் ஒரு கவசம். முழங்கைக்கும் முட்டிக்கும் தனித்தனிக் கவசம், கைக்கு உறை. முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய்.

சட்டையில்தான் சண்டை வந்தது. மாவுக்கட்டக்கா தடித்த தோல் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்றாள். "அக்கா, இதைப் போட்டா விழறதுக்கு முன்னாடியே வெந்துடுவாரு. வெயில்ல மயக்கம் வந்தா அப்புறம் எலும்பு என்ன, எல்லாமே போச்சு," என்று சொல்லி அந்தப் பெண் காற்று புகும் வலைத்துணிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அரைமனதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

எல்லாவற்றையும் மாட்டி நிற்கவைத்ததும் கடைக்காரப் பெண் கேட்டாள். "உக்காந்து எழுந்திருங்கண்ணா. முட்டி மடங்குதா? கணுக்கால் அசையுதா?"

அவன் உட்கார்ந்து எழுந்தான். "சரியா இருக்கு."

மாவுக்கட்டக்கா சுற்றிச் சுற்றி வந்து ஒரு விரலை முட்டிக் கவசத்துக்குள் விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போயிற்று. அவளுடைய அறையில் அதற்குப் பெயர் கட்டு இல்லை, தொப்பி. "தொளதொளன்னு இருக்கே" என்று முணுமுணுத்தாள். அது யார் காதிலும் விழவில்லை.

*

பழகும் நாளன்று காலையில், வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்தாள். பக்கத்தில் பஞ்சுச் சுருள்கள், கட்டுத் துணி. அவன் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்கு இரவெல்லாம் சரியான தூக்கமில்லை. கண்ணை மூடினால் அவளுடைய அறையின் கட்டில், அதில் அவன். அந்தப் பயம் கைக்கு இறங்கியது. பயந்த கை தெரிந்த வேலையைத்தானே செய்யும். பாதத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பஞ்சைச் சுற்றினாள். கணுக்காலைச் சுற்றி இன்னொன்று. முட்டியை நீட்டச் சொல்லி, மேலும் கீழும் பஞ்சு வைத்துத் துணியால் இழுத்துக் கட்டி, அதன்மேல் கவசத்தைப் பொருத்திப் பட்டைகளைக் கடைசித் துளைவரை இழுத்தாள். பூட்ஸ் கொக்கிகளைப் பூட்டும்போது முழங்காலை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அருமையான கட்டு அவள் யாருக்கும் போட்டதில்லை.

"கிளம்பலாம்," என்றாள். அவன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் ரோடு மணலுக்குள் போய் முடிந்துவிட்டது. பழக வந்தவர்கள் நாலைந்து பேர். மாவுக்கட்டக்கா காரின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கைப்பை மடியில் இருந்தது. கட்டு வெட்டும் மொண்ணை நுனிக் கத்தரி எப்போதும் அதில் இருக்கும், மற்றப் பெண்களுக்குச் சீப்பு இருக்கிற மாதிரி.

கடைக்காரப் பெண் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து டயரிலிருந்து புஸ்ஸென்று காற்றை வெளியே விட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, இருக்கிற காத்தை ஏன் பிடுங்கறே?"

"இறுக்கமா இருந்தா மணலை வெட்டிக்கிட்டு உள்ள போயிடும்க்கா. கொஞ்சம் தளர விட்டா பரந்து உக்காரும், மேலயே போகும்."

என்னவோ போ என்று நினைத்துக்கொண்டாள் மாவுக்கட்டக்கா. தளர விடுகிற தொழிலில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

பாடம் எளிமையாகத்தான் இருந்தது. மிதிகட்டையில் எழுந்து நில்லுங்கள். முட்டியை மடக்கித் தளர்வாக வையுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். சக்கரத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். "வண்டி பாம்பு மாதிரி நெளியும். பயந்து வேகத்தைக் குறைச்சா புதையும். அது நெளியட்டும், உங்க முட்டிதான் ஸ்பிரிங், அது பாத்துக்கும்."

மற்றவர்கள் ஆடி, விழுந்து, எழுந்து, கொஞ்ச நேரத்தில் ஒரு மாதிரி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். லிஃப்டுக்காரன் மட்டும் மிதிகட்டையில் நட்டுவைத்த கம்பமாக நின்றான். வண்டி நெளிந்ததும் கம்பம் சாய்ந்தது. கடைக்காரப் பெண் கைகொடுக்கத் தூக்கினான், ஏறினான், மறுபடி விழுந்தான்.

"அண்ணா, முட்டிய மடக்குங்க."

"சரிங்க."

மறுபடி விழுந்தான். ஒவ்வொரு முறையும் நாற்காலியில் மாவுக்கட்டக்காவுக்கு உயிர் போய் வந்தது. தோள், மணிக்கட்டு, கணுக்கால் என்று உதடு தானாக எண்ணியது. ஒவ்வொரு முறையும் அவன் முழுதாக எழுந்ததும், பயத்தின் அடியில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, யார் கட்டினது?

"அண்ணா, முட்டி."

"சரிங்கம்மா."

வெயில் ஏறிற்று. கடைசியாக அவன் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடி ஒட்டிக்கிடந்தது. கடைக்காரப் பெண்ணிடம் சொல்வது இங்கே கேட்டது. "போதும்மா. எனக்கு இது வராதுபோல. உன்மேல தப்பில்ல. நல்லாதான் சொல்லிக் குடுத்தே."

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு மனைவியைப் பார்த்துக் கையை உயர்த்தினான். "போலாமா? பாத்தியா, ஒரு கீறல் இல்ல. எல்லாம் நீ கட்டினதாலதான்."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வேண்டியது கிடைத்துவிட்டது, ஆள் முழுசாக இருக்கிறான், ஆசை தானாகவே அடங்கிவிட்டது, அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவன் காரை நோக்கி நடந்து வந்தான். அவள் நாற்காலியை மடக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

முட்டி மடங்காமல், காலை இடுப்பிலிருந்து வீசி வீசி வைத்து, பாதத்தைத் தகடுபோல மணலில் இறக்கி வந்தான். அந்த நடையை அவள் தினம் பார்க்கிறாள். அவளுடைய அறையிலிருந்து வெளியே போகிறவர்கள் அந்த நடைக்கூடத்தில் அப்படித்தான் போவார்கள். யாரோ கட்டுப் போட்ட ஆள் வருகிறான் என்று அவள் மனம் ஒரு கணம் நினைத்தேவிட்டது. கட்டுப் போட்டது யார் என்பது அடுத்த கணம் உறைத்தது.

"நில்லுங்க," என்றாள். "அங்கயே நில்லுங்க."

கைப்பையோடு மணலில் ஓடினாள். அவனைப் பிடித்து உட்காரவைத்து, கொக்கிகளைத் தட்டிவிட்டு, பூட்ஸை இழுத்தாள். பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்திருந்தன. தொட்டாள், அந்த வெயிலில் அவை மட்டும் சில்லென்று இருந்தன.

"விரல அசைங்க."

அவன் முயன்றான். சுண்டுவிரல் அசையவில்லை.

"எப்பலேர்ந்து மரத்துப்போச்சு?"

"காலையில கட்டினதுலேர்ந்து," என்றான், ஏதோ அவன் தப்பு மாதிரி.

"முட்டி?"

"அது மடங்கவே இல்ல."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீ கட்டினது," என்றான். "ராத்திரி பூரா நீ புரண்டு புரண்டு படுத்தே. எனக்குத் தெரியும். அவிழ்க்கச் சொல்ல மனசு வரல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வழியில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் இரண்டு முறை பாடுகிற பாட்டு. சொன்னேனா, திருப்பிச் சொல்லு என்று கேட்டு வாங்குகிற பாட்டு. வீட்டிலிருக்கிற ஒருத்தனிடம், ஊரிலேயே பெரிய பொறுமைசாலியிடம், அதை அவள் பாடவே இல்லை. இன்றைக்கு மட்டுமா? என்றைக்குமே பாடியதில்லை.

கத்தரியை எடுத்தாள். நுனியைத் துணிக்கடியில் விட்டு நேராக வெட்டிக்கொண்டு போனாள். கணுக்கால், முட்டி, மறுகால். பஞ்சையெல்லாம் உருவி மணலில் போட்டாள். அவன் காலை மடியில் வைத்துத் தேய்த்தாள். ரத்தம் திரும்பியபோது அவன் முகம் சுளித்தது.

"எறும்பு ஓடுது."

"ஓடட்டும். இப்ப மடக்குங்க. பயப்படாம மடக்குங்க, ஒண்ணும் ஆகாது." கட்டுப் பிரிக்கிற நாளில் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அதைச் சொன்னவளுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

அவன் மடக்கினான். கடையில் போட்டபடியே, பஞ்சில்லாமல் பூட்ஸையும் கவசத்தையும் மாட்டினாள். ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போயிற்று. அவள் பட்டையை இழுக்கவில்லை.

"போய்ட்டு வாங்க," என்றாள்.

கடைக்காரப் பெண் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் ஏறினான், எழுந்து நின்றான், முட்டி மடங்கிற்று. வண்டி நெளிந்தது, அவன் இடுப்புக்குக் கீழே அதுபாட்டுக்கு நெளிய விட்டான். விழவும் செய்தான். ஆனால் விழுந்தவன் எழுந்த விதமே வேறாக இருந்தது. அதற்கடுத்த முறை விழவில்லை. மற்றவர்களைத் தாண்டி, மணலில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு நேராகப் போனான். தூரத்தில் ஒரு மேடு. அதில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டான். சத்தமும் கூடவே இறங்கிவிட்டது.

மாவுக்கட்டக்கா வெட்டின பஞ்சைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். கண்ணுக்குத் தெரிந்தவரை மணல். குறுக்கே எதுவுமே இல்லை.

"வருவாருக்கா," என்றாள் பக்கத்தில் வந்து நின்ற அந்தப் பெண்.

"தெரியும்," என்றாள் அவள். தெரியவில்லை.

பிறகு மேட்டின்மேல் ஒரு தலை முளைத்தது. அதன்கீழ் வெட்டுக்கிளி. உச்சியில் நின்றவன் அவளைப் பார்த்து ஒரு கையை விட்டுத் தாராளமாக ஆட்டினான்; ஆட்டின ஆட்டத்தில் வண்டியோடு பக்கவாட்டில் சரிந்து மணலில் உட்கார்ந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் சிரிப்பது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதில்லை. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டவும் செய்தாள்.

*

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலை நீட்டி, விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்குக் கம்பங்கள் வந்தன, கட்டடங்கள் வந்தன.

"ஏங்க," என்றாள். "இறுக்கமா இருந்தா பொறுத்துக்கக் கூடாது. உடனே சொல்லணும். என்ன சொன்னேன், சொல்லுங்க."

"இறுக்கமா இருந்தா சொல்லணும்."

"வேற எங்கயாவது இறுக்கமா இருக்கா?"

அவன் காலைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தான் போலிருக்கிறது, குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். ஒரு சிக்னலில் நின்று, அது மாறி, கார் மறுபடி கிளம்பியபோதுதான் கேட்டான்.

"சொல்லிடட்டா?"

"சொல்லுங்க."

"எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம் வேண்டாம்மா. நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள மூக்குக்கு எதிர்ல சுவரை வெச்சுக்கிட்டுதான் வேலை. வீட்டுக்கு வந்து படுத்தா அங்கயும் சுவர்."

அவளுக்குச் சாலை மங்கலாகத் தெரிந்தது. "இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ விடியறதுக்குள்ள எழுந்து போகணும். என்னத் தாண்டிப் போறது உனக்குக் கஷ்டம்."

"இன்னிக்கே மாத்திக்கலாம்," என்றாள்.

மறுநாள் அலாரம் அடித்து அவள் கண் விழித்தபோது எதிரே சுவர் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மூச்சு விட்டால் திரும்பி முகத்திலேயே பட்டது. சுண்ணாம்பில் ஒரு சின்ன விரிசல் ஓடியது. எத்தனை வருஷமாக அவன் இதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தானோ. அவள் மெல்லத் திரும்பினாள். அவன் மறுபக்கம் அறையைப் பார்த்து, ஒரு கையும் ஒரு காலும் கட்டிலுக்கு வெளியே தொங்க, பாதிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

டூட்டிக்கு நேரமாயிற்று. எழுப்ப மனமில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்ட ஒரு காலை எடுத்து வைத்தாள். அது சரியாக அவன் முழங்காலுக்குக் கீழே, நேற்று வண்டி விழுந்து கன்றியிருந்த இடத்தில் பதிந்தது.

"ஆ," என்றான் அவன் கண்ணைத் திறக்காமலே. "வலிக்குதும்மா."

அவள் அப்படியே அரைகுறையாக நின்றாள், ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எங்க வலிக்குது," என்றாள், "நல்லாச் சொல்லுங்க."